நீ மயக்கத்தில் இருந்த மதியம்

என் மகன் ஹக்கீமுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ மாடியில் மின்விசிறிக்கு நேர் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய். சத்தம் படியிறங்கி வந்து நான் எழுதும் மேசைவரை கேட்கிறது. குறட்டையை வைத்தே ஆளின் மூச்சுப் பாதையை எடைபோடுவது என் தொழில் என்பதால் சொல்கிறேன், நீ நன்றாகவே இருக்கிறாய். அடுத்த வாரம் உனக்கும் பர்வீனுக்கும் நிக்காஹ். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் மடித்து என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். கல்யாணம் முடிந்து, பிரியாணிச் சட்டிகளைத் திருப்பி அனுப்பி, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகுதான் உன் கைக்கு வரும். அதற்கு முன்னால் தர எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று நீ கேட்பாய். பொறுமையாகப் படி, தெரியும்.

நேற்று மதியம் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? மீன் வாசனைக்கு வந்திருக்கிறாய் என்று நினைத்து ஒரு துண்டைத் தட்டில் எடுத்து வைத்தேன். நீ அதைத் தொடவில்லை. அப்போதே ஏதோ விஷயம் இருக்கிறது என்று புரிந்துவிட்டது. "அம்மா, நான் கம்பெனியில விழுந்தது, ஸ்கேன் எடுத்தது, இதெல்லாம் பர்வீன்ட்ட சொல்லணுமா? அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சே. இப்பப் போயிச் சொல்லி எதுக்கு அவளப் பயமுறுத்தணும்?" என்று கேட்டாய். மற்ற நாளாக இருந்தால் நீ கேட்டு முடிக்கும் முன்னால் மூன்று பதில் சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைச் சுவருக்கு அடிக்கும் வர்ணத்தைப் பற்றிக்கூடக் கருத்து வைத்திருப்பவள் நான். ஆனால் நேற்று, "என்னட்டக் கேக்காதலே, ஒனக்கு என்ன தோணுதோ செய்யி" என்று சொல்லிவிட்டு மீனைப் புரட்டப் போய்விட்டேன். நீ என்னை விநோதமாகப் பார்த்தாய். அந்த ஒரு வாக்கியத்தோடு வாயை மூடிக்கொள்ள நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

என் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் நீ விழுந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். நோன்பு மாதமும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நீ சிவகாசிக் கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர். வடநாட்டு ஆர்டர்கள் வரிசையாக நிற்க, லாரி வந்து வாசலில் காத்திருக்க, நீ வீட்டுக்கு வந்தால் வந்தாய், இல்லாவிட்டால் கம்பெனி ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்தாய். விடியுமுன் ஸஹருக்கு எழுந்து ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி நான் போன் போட்டால், "சாப்பிட்டேம்மா" என்பாய். இரண்டு பேரீச்சம்பழத்தைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாய் என்பது பிறகுதான் தெரிந்தது. நோன்பு நம்மைச் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறது, தூங்காமல் இருக்கச் சொல்லவில்லை. இதை உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் லோடு ஏற்றுகிற இடத்தில், லாரிக்குப் பக்கத்தில், வேகாத வெயிலில் அப்படியே சாய்ந்தாய். கை கால் லேசாக வெட்டியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். "வலிப்பு" என்று யாரோ ஒருவர் சொல்ல, அந்தச் சொல் உனக்கு முன்னால் விருதுநகரில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மதுரையில் நரம்பு டாக்டர் நிதானமான மனிதர். பட்டினியும் தூக்கமின்மையும் வெயிலும் சேர்ந்தால் யாரும் விழுவார்கள், விழுந்தவர்களுக்குக் கை கால் கொஞ்சம் வெட்டவும் செய்யும் என்றார். ஆனாலும் தலைக்குள் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடச் சொன்னார். அவர் "ஏதும்" என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டாக்டராக இருப்பதில் உள்ள கஷ்டம் அதுதான். மற்ற அம்மாக்கள் ஒரு பயத்தோடு வீட்டுக்குப் போவார்கள்; நான் புத்தகத்தில் படித்த அத்தனை பயத்தோடும் பஸ் ஏறினேன். உன்னிடம் மட்டும், "சும்மா ஒரு படம் எடுக்காக, அம்புட்டுத்தான்" என்றேன். வலிப்பு என்று முடிவானால் வெடிமருந்துக் கலவைப் பக்கமே உன்னை விட மாட்டார்கள். கல்யாணப் பேச்சு என்ன ஆகுமோ என்பதை நானும் உன் அத்தாவும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை.

உனக்கு என் மயக்க டாக்டர் வேலையைப் பற்றி எப்போதும் கிண்டல்தானே. ஊசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு டிகிரியா என்பாய். ஊசி போடுவது கண் சிமிட்டும் நேரம். உட்கார்ந்திருப்பதுதான் வேலை, மகனே. ஆபரேஷன் தியேட்டரிலாவது நோயாளியின் முகம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்கேன் அறையில் ஆள் ஒரு குகைக்குள் போய்விடுவார். தடதடவென்று தறி ஓட்டுகிற மாதிரி சத்தம். மானிட்டரின் கீச்சுக் கீச்சு காதில் விழாது. மெஷின் முழுவதும் காந்தம். அதை ஆளில்லாத நேரத்திலும் யாரும் அணைத்து வைப்பதில்லை. என் வழக்கமான சாமான்களில் பாதியை உள்ளே கொண்டுபோக முடியாது, கொண்டுபோனால் பறக்கும். மயக்க மெஷினை வெளியே வைத்து நீளக் குழாயை உள்ளே விட வேண்டும். நெஞ்சில் ஒட்டும் வயர்களைச் சுருட்டி வைத்தால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும், நேராக இழுத்து விட வேண்டும். ஆள் விடுகிற மூச்சை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சிக்கொண்டு வந்து வெளியே இருக்கும் மானிட்டரில் மேடு மேடாகக் கோடு போட்டுக் காட்டும். அந்த மேடுகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை ஆள் நலம். ஒரு மேடு தாமதித்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

அதனால்தான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் எல்லாரையும் சோதனை போடுவேன். ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண், தாயத்து, சட்டைப்பையில் சாவி, எதையும் விட மாட்டேன். ஒரு தாய் தன் பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அண்டக்கூடாது என்று இடுப்புத் துணிக்குள் ஆணி ஒன்றை முடிந்து வைத்திருந்தாள். கதவருகிலேயே அது துணியோடு மெஷினைப் பார்த்து இழுத்தபோது அவள் போட்ட கூச்சலில் வரிசையில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "ஆணிய நான் வச்சிருக்கேன், காத்துக் கருப்ப நான் பாத்துக்கிடுதேன், நீ தைரியமா இரு" என்றேன். இப்படி ஊருக்கெல்லாம் இரும்பு கேட்டவள், சொந்த மகனிடம் கேட்க மறந்தேன். நீ பெல்ட்டைக் கழற்றினாய், கடிகாரத்தைக் கழற்றினாய், செல்லை உன் அத்தாவிடம் கொடுத்தாய். என் மகனுக்குத் தெரியாததா என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வீட்டு மனிதர்களிடம்தான் நாம் கேட்கத் தவறுகிறோம். நாளைக்கு உன் வீட்டிலும் இதை நினைவில் வை. தெரிந்திருக்கும் என்று விடாதே, கேட்டுவிடு.

அதற்கு முன்னால் உன் வீரத்தையும் எழுதிவிடுகிறேன், உன் பிள்ளைகள் படிக்கட்டும். வெடிமருந்துக்கு நடுவில் நாள் முழுவதும் நடமாடுகிறவன், முதல் தடவை மயக்கம் இல்லாமல் அந்தக் குகைக்குள் தலையை விட்டதுமே ஆளைக் கூப்பிடுவதற்கென்று கையில் கொடுத்திருந்த ரப்பர்ப் பந்தை அழுத்து அழுத்தென்று அழுத்தினாய். வெளியே இழுத்ததும் வியர்த்து விறுவிறுத்துப் போய், "கபுருக் குழிக்குள்ள வச்ச மாதிரி இருக்கும்மா, நான் மாட்டேன்" என்றாய். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஆனது. சொந்தப் பிள்ளைக்கு நாங்கள் மயக்கம் கொடுப்பதில்லை. கை நடுங்கினால் யார் பொறுப்பு? அதனால் சிவகாசியில் இருக்கும் கல்யாணியைக் கூப்பிட்டேன். கல்லூரியில் என்னோடு படித்த மயக்க டாக்டர், உனக்குக் கல்யாணி அத்தை. பட்டாசுக் காயங்கள் குவியும் அந்த மாதத்தில் அவளுக்கு வேலை தலைக்கு மேல். ஆனாலும், "ஒன் மகன நான் பாக்காம யாரு பாப்பா? வெறும் வயித்தோட கூட்டிட்டு வா" என்றாள். உடம்புக்கு முடியாதவனுக்கு நோன்பு கடமையில்லை என்று நான் சொன்னபோது, "வெறும் வயித்தோடதானே வரச் சொன்னாக, அது பாட்டுக்கு நோன்பாவும் இருக்கட்டும்" என்று சட்டம் பேசினாய். அதுவும் எப்படி வந்தாய்? கம்பெனியில் கடைசி லோடு ஏறுவதை மேற்பார்வை பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவி, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு நேரே நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு வந்து இறங்கினாய்.

கல்யாணி உன் கையில் அந்தப் பால்போன்ற மருந்தை ஏற்றினாள். "வீட்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாக?" என்று அவள் கேட்க, நீ "ஹக்..." என்று சொல்லி முடிக்கும் முன்னால் தூங்கிவிட்டாய். இங்கிருந்து நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. உன் தொண்டையில் மூச்சுக்குழாய் வைத்து, எல்லாம் சரிபார்த்து, காதில் பஞ்சு அடைத்து, உன்னை உள்ளே அனுப்பினாள். அவளும் காதை அடைத்துக்கொண்டு உள்ளேயே ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மெஷினை இயக்குகிற செல்வத்துக்குப் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் உள்ளங்கால்கள் மட்டும்தான். எத்தனையோ பேரின் காலை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மானிட்டரில் மேடுகள் அழகாக வந்துகொண்டிருக்க, நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஸூராக்களையெல்லாம் ஓதினேன்.

முதல் படம் திரையில் விழுந்ததும் செல்வம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.  "டாக்டரம்மா, இங்கன பாருங்க" என்றான். உன் நெற்றிக்கு மேலே, மூளையின் முன்பக்கத்தைத் தின்றுவிட்ட மாதிரி ஒரு கறுப்பு. அதைச் சுற்றி எல்லாம் நெளிந்து வளைந்து கிடந்தது. ஸ்கேன் டாக்டர் ஓடிவந்து பார்த்தார். "இது கட்டி இல்லம்மா, இரும்பு. தலைல எங்கயோ இரும்பு இருக்கு. மொதல்ல ஆள வெளிய எடுங்க" என்றார். கட்டி இல்லை என்ற வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. கல்யாணி வைத்த மூச்சுக்குழாயின் வால்வில் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, அதுவாக இருக்குமோ என்று பார்த்தோம். அவள் அதை முதலிலேயே நெஞ்சுப் பக்கம் இழுத்து ஒட்டியிருந்தாள். பல்லில் ஏதும் அடைத்ததில்லை. "சின்ன வயசுல தலைல ஏதும் அடி பட்டுருக்காம்மா? தகரம், கம்பி, ஏதாச்சும் உள்ள போயிருக்குமா?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன்னிடமோ கேட்க வழியில்லை, வாயில் குழாயோடு தூங்குகிறாய்.

எனக்கு அந்த டால்டா டப்பா ஞாபகம் வந்தது. நீ மூன்றாம் வகுப்பு படித்த தீபாவளி. நம் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் வெடி வெடிப்பீர்கள். அணுகுண்டின் மேல் டப்பாவைக் கவிழ்த்து வைத்து அது எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்பது உங்கள் ஆராய்ச்சி. டப்பா மேலே போகாமல் கிழிந்து, ஒரு தகரத் துண்டு உன் நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில் கீறியது. ரத்தத்தோடு வந்து நின்றவனுக்கு வீட்டிலேயே தையல் போட்டேன். நீ அழவில்லை, "டப்பா எம்புட்டு உசரம் போச்சுன்னு யாரும் பாக்கலியே" என்றுதான் கவலைப்பட்டாய். எக்ஸ்ரே எடுக்கவில்லை. மேலோட்டமான காயம்தானே என்று விட்டேன். இப்போது அந்தத் தழும்புக்கு மேலேதான் கறுப்பு நின்றது. ஒரு தகரச் சில் உள்ளேயே இருந்து, இந்தக் காந்தம் அதை அசைத்திருந்தால்?  எக்ஸ்ரே அறையைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு ஸ்கேன் டாக்டர் போனார். நான் உன் அத்தாவிடம் சொல்ல வராந்தாவுக்கு வந்தேன்.

வராந்தாவில் பெஞ்சின் ஒரு முனையில் உன் அத்தா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். மறு முனையில், மடியில் ஒரு தூக்குச் சட்டியோடு பர்வீன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அத்தா, கடையிலிருந்து நேரே வந்திருப்பார் போல, சட்டையில் மிளகாய் வற்றல் நெடி. உன் அத்தாவிடம் ரகசியம் சொல்வது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதுபோல என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லி வைத்தேன் பார், அது என் புத்தி. காலையிலேயே சம்பந்திக்குப் போன் போட்டு துஆ செய்யச் சொல்லியிருக்கிறார். நான் அவரை முறைத்த முறைப்பில் தஸ்பீஹ் நின்றுபோனது. ஆனால் முறைத்து என்ன செய்ய? அந்தப் பெண் எழுந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். சமாளித்து அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்த பிறகு அது முடியவில்லை. "படத்துல ஒரு கறுப்புத் தெரியுதும்மா. என்னன்னு தெரியல. தலைக்குள்ள இரும்புத் துண்டு ஏதும் இருக்கலாம்னு சொல்றாக. சாதாரணமாவும் இருக்கலாம், பெரிசாவும் இருக்கலாம். நீயும் அத்தாவும் யோசிச்சுக்கிடுங்க, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இரண்டு மூச்சில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

 பர்வீன் தூக்குச் சட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "மாமி, அவுகளுக்கு முழிப்பு வர எம்புட்டு நேரமாகும்? கஞ்சி ஆறிருச்சுன்னா அவுகளுக்குப் பிடிக்காதுன்னு சொல்லியிருக்கீகள்ல. இங்கன சூடு பண்ண அடுப்பு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். நான் சொன்னதற்கு அவள் தந்த பதில் அவ்வளவுதான். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், ஹக்கீம். சட்டி நடுவில் இடித்துக் கஞ்சி கொஞ்சம் என் புடவையில் சிந்தியது. உன் மனைவி எப்படிப்பட்டவள் என்று ஊர் உனக்கு ஆயிரம் சொல்லும். படத்தில் கறுப்பு என்ன என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அவள் அடுப்புத் தேடினாள் என்பதை நான் சொல்கிறேன்.

திரும்பி உள்ளே போனேன். உன்னைக் காந்த அறைக்கு வெளியே தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கல்யாணி உன் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் தழும்பைத் தடவிப் பார்த்தேன்; உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியே, சின்ன வயதில் தூங்கும்போது செய்வது மாதிரி, நெற்றியிலிருந்து முடியைக் கோதி விட்டேன். கையை எடுத்தால் விரலெல்லாம் சாம்பல் நிறம். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கில் அப்பிக்கொண்டு மினுமினுவென்று ஏதோ. "செல்வம், அந்தக் கைக்காந்தத்த எடுடா" என்று நான் போட்ட கூச்சலில் கல்யாணி திடுக்கிட்டாள். உள்ளே வருகிற சாமான்களைச் சோதிக்க அவர்கள் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பார்கள். அதை உன் முன்தலையில் ஓட்டினேன். காந்தத்துக்கு மீசை முளைத்தது. கறுகறுவென்று, போலீஸ்காரர் மீசை மாதிரி. கம்பி மத்தாப்பு பூப்பூவாகச் சிதறுவதற்குக் கலவையில் சேர்ப்பீர்களே, அந்த இரும்புத் தூள். மாதக்கணக்கில் கலவைக்குப் பக்கத்தில் நின்று, வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் தலைக்குக் குளித்து, மற்ற நாளெல்லாம் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து வாரியிருக்கிறாய். அன்று வியாழக்கிழமை.

ஸ்கேன் டாக்டர் வந்து மீசையைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். ஆனாலும் தழும்பைச் சும்மா விடாமல் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்புக்கு உள்ளே ஒன்றும் இல்லை. "தலையக் கழுவிட்டு வாங்க, மறுபடி எடுப்போம்" என்றார். எழுப்பிக் குளிப்பாட்டிவிட்டு மறுபடியும் மயக்கம் கொடுப்பதா? நீ மறுபடியும் வருவாய் என்பதற்கு என்ன நிச்சயம்? "அப்படியே கழுவுவோம்" என்றேன். கல்யாணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏண்டி, என்னைய மயக்கம் குடுக்கக் கூப்பிட்டியா, ஒன் மகனக் குளுப்பாட்டக் கூப்பிட்டியா?" என்றாள். சொல்லிக்கொண்டே உன் கண்களை ஒட்டி மூடினாள், காதில் பஞ்சை மாற்றினாள், மூச்சுக்குழாயைச் சுற்றித் துண்டு வைத்தாள். வாய்ப் பக்கம் ஒரு சொட்டுப் போனாலும் என்னைத் தொலைத்துவிடுவதாகச் சொன்னாள். உன் தலை தள்ளுவண்டியின் ஓரத்துக்கு வெளியே வரும்படி கையில் ஏந்திக்கொண்டாள். செல்வம் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தான். ஷாம்பு இல்லை. வராந்தாவில் போய், "யாராச்சும் கடையில ஷாம்பு வாங்கியாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பர்வீன் எதிரே இருந்த பெட்டிக்கடைக்கு ஓடி, தோரணம் மாதிரிப் பாக்கெட்டுச் சரத்தையே வாங்கி வந்துவிட்டாள்.

தேய்க்க நான், பிடிக்கக் கல்யாணி, ஊற்ற ஆள் வேண்டும். செல்வம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவருகே நின்ற பர்வீனைப் பார்த்தேன். "நிக்காஹ் ஆகல, தொடக் கூடாது. தண்ணி மட்டும் ஊத்து" என்றேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செம்பை எடுத்தாள். பிரியாணிக்கு அரிசி களைகிற கவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கீழே வைத்திருந்த தொட்டியில் தண்ணீர் சாம்பலாக இறங்கியது. மறுபடி ஷாம்பு, மறுபடி தண்ணீர், மறுபடி காந்தம். மீசை சிறுத்து, அரும்பு மீசையாகி, கடைசியில் மழித்த முகமானது. மானிட்டர் கீச்சுக் கீச்சென்று ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தது. நீ மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் தூங்கினாய். "மாமி, இவுக தூங்கும்போது நல்ல பிள்ளையாத்தான் இருக்காக" என்று அவள் சொல்ல, கல்யாணிக்குச் சிரிப்பு வந்து உன் தலை ஆடியது. நானும் சிரித்தேன். ஸ்கேன் இன்னும் முடியவில்லை, தலைக்குள் என்ன என்று இன்னும் தெரியாது, ஆனால் அந்த ஈரத் தரையில் நின்று நாங்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு உன் தலையை நான் தேய்த்துவிட்டதில்லை. எனக்கு அந்த மதியம் பெரிய சந்தோஷம்.

தலையைத் துவட்டி உன்னை மறுபடி உள்ளே அனுப்பினோம். இந்த முறை உன் காலை நான் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு படமாக வந்தது. கறுப்பு இல்லை. ஸ்கேன் டாக்டர் எல்லாவற்றையும் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தலைக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா" என்றார். "அத நான் அவன் பிறந்ததுலேந்து சொல்லிட்டிருக்கேன் சார்" என்றேன். சொன்ன வேகத்தில் அழுகை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தா வராந்தாவிலேயே துண்டை விரித்து, நன்றிக்கு நெற்றியைத் தரையில் வைத்து ஷுக்ர் ஸஜ்தா செய்தார்.

நீ கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "லோடு போயிருச்சா?" என்பது. தலையைத் தொட்டுப் பார்த்து, "ஏன் ஈரமா இருக்கு?" என்றாய், "வேர்த்திருக்கு" என்றேன். நீயும் நம்பினாய். தெளிந்து உட்கார்ந்து, நோன்பு திறக்கும் நேரமானதும் கஞ்சி குடித்தாயே, நம் வீட்டுக் கஞ்சியைவிட நன்றாக இருக்கிறது என்று சட்டியை வழித்துக் குடித்தாயே, அது யார் காய்ச்சியது என்று இப்போது தெரிந்திருக்கும். அவள் அதற்குள் கிளம்பியிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். "மாமி, நான் வந்தத அவுகட்டச் சொல்லாதீக. அவுகளா என்னட்டச் சொல்றாகளான்னு பாக்கேன். நல்லதுன்னா எல்லாரும் சொல்லுவாக. விழுந்ததச் சொல்லணும்ல." நான் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை என் வாய்க்குப் பூட்டு. நீ போனில் அவளோடு பேசிவிட்டு வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். நேற்று நீ கேட்டபோது, சொல்லுலே, சொல்லு என்று உன் தோளைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. நான் சொல்லி நீ சொன்னால் அது உன் சொல்லாக இருக்காதே என்றுதான் மீனைப் புரட்டினேன். பயத்தை மறைப்பது அன்பு என்று நீ நினைக்கிறாய். உன் பயத்தில் பங்கு கேட்டு ஒருத்தி செம்போடு நிற்கிறாள் என்பது உனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதிவிட்டு ஒரு வாய்த் தேநீர் குடிக்க எழுந்தேன். மாடியில் குறட்டை நின்றிருந்தது. மொட்டை மாடியில் நீ போனோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கும் சத்தம் கேட்டது. அப்படி நடந்தால் நீ ஏதோ கஷ்டமான விஷயம் பேசுகிறாய் என்று அர்த்தம். தேநீர் ஆறிப்போகும்வரை நின்று கேட்டேன். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. பிறகு நீ தடதடவென்று இறங்கி வந்தாய். கடிதத்தின் மேல் காலண்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

"சொல்லிட்டேம்மா" என்றாய்.

"என்னத்தலே?"

"எல்லாத்தையும்தான். விழுந்தது, வலிப்போன்னு பயந்தது, ஸ்கேன் எடுத்தது. குகைக்குள்ள பயந்துபோயி பந்த அழுத்துனதக்கூடச் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"மூக்க உறிஞ்சுற மாதிரிச் சத்தம் கேட்டுச்சும்மா. அழுறாளோன்னு எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. பெறகு பாத்தா சிரிக்கா. சிரிச்சுக்கிட்டே, 'இப்பல்லாம் தலைக்கு ஒழுங்காக் குளிக்கீகளா'ன்னு கேக்கா. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினேன். நீ பின்னாலேயே வந்து என்னம்மா, என்னம்மா என்று கேட்டாய். எரியாத அடுப்பின் மேல் காலிச் சட்டியை வைத்துக் கிண்டிக்கொண்டு நின்றேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

இதைப் படித்து முடிக்கும்போது அவள் பக்கத்து அறையில் இருப்பாள். எழுந்து போ, ராசா.

உன் அம்மா